நார்மன் பாரெட்

அரசர் தாம் வென்ற நகருக்கும், மாலுமிகள் தாம் கண்ட தீவுக்கும் தம் பெயரை இட்டு மகிழ்ந்தனர். நோயொன்றிற்குத் தம் பெயர் வழங்கப்பெற்றாரும் உலகில் உளர். அவருள் ஒருவராகிய நார்மன் ரூபர்ட் பாரெட் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1903-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டு நகரிற் பிறந்தார். இளமையிலேயே இங்கிலாந்து சேர்ந்து, ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். பின்னர் இலண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் மருத்துவங் கற்று, அங்கேயே இரண வைத்தியராய் அமர்ந்து, நெஞ்சறை நோய்களிற் பெரும்புலமை எய்தினார். 1946-இல் தோன்றிய தோராக்ஸ் என்னும் மருத்துவ வெளியீட்டின் ஆசிரியப் பொறுப்பை 1971 வரை தாங்கினார்.

கடும் வாந்தியால் உணவுக்குழல் கிழிதல் கொடியதொரு நோயாகும். ஹாலந்து தேசத்துப் போயர்ஹாவ என்னும் மருத்துவர் இதனை 1724-இல் விவரித்தார். எனினும், அக்கிழிவைத் தைத்து நோயாளியின் உயிரை மீட்கும் பேறு 1947-இல் பாரெட்டிற்கே முதன்முதல் வாய்த்தது.

1950-இல் அவர் எழுதிய கட்டுரையொன்றே அவர் பெயரை நிலைநாட்டியது. சிலரது உணவுக்குழலின் கீழ்ப்பகுதியில், இயல்பான சவ்விற்கு மாறாக, இரைப்பையின் உட்சவ்வை யொத்ததொன்று காணப்பட்டது. குழல் பிறவியிலேயே குறுகியமையால் இரைப்பையே மேலிழுக்கப்பட்டதென்று பாரெட் கருதினார். 1953-இல் அல்லிஸன், ஜான்ஸ்டன் என்னும் இருவர் அது உணவுக்குழலே யென்று காட்டினர். புகழின் உச்சியிலிருந்த பாரெட், தம் கொள்கையைப் பற்றி நின்று வாதிட்டாரல்லர். 1957-இல் அவர்தம் முடிபையே ஏற்று எழுதினார். 1979-இல் அவர் காலமானார்.

இரைப்பையின் அமிலம் நெடுங்காலம் மேலெழுந்து சுடுதலால் சவ்வு இங்ஙனம் மாறுகின்றது. மாறியவருட் சிலருக்கே அது புற்றுநோயாய் முடியும். ஆயினும் முடிந்தால் பிழைப்பது அரிது. ஆகவே வருமுன் காக்கும் மருந்தை ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. பிரிட்டனிலும் கனடாவிலும் இந்நோயுடையார் 2,557 பேரைக்கொண்டு நடந்த சோதனையின் பயன் 2018-இல் வெளிவந்தது. அமிலத்தைக் குறைக்கும் எஸோமெப்ரஸோல் என்னும் மருந்தைச் சிலர் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் ஒருமுறையும், சிலர் 40 மில்லிகிராம் இருமுறையும் உண்டனர். ஒவ்வொரு பகுப்பிலும் ஒருசாரார்க்கு ஆஸ்பிரினும் அளிக்கப்பட்டது. ஏறக்குறைய 9 ஆண்டுகள் அவர்களைக் கண்காணித்தனர். மரணம், புற்றுநோய், அதற்கு முற்பட்ட கடுமாற்றம் ஆகிய இவற்றுள் ஒன்று நேரும் காலம், மிகுந்த அளவு மருந்தும் ஆஸ்பிரினும் சேர்த்துண்டாரிடத்தே மிகவும் தள்ளிப்போயிற்று. ஆயினும் ஆஸ்பிரின் குருதி ஒழுக்கை உண்டாக்கவும் வல்லதாகலின், மருத்துவர் ஆணையின்றி உண்ணத்தக்கதன்று.

அச்சவ்வு இரைப்பையே யென்னும் எண்ணம் நிலைத்திருப்பின், உணவுக்குழலிற் புற்றுநோயைத் தடுக்க இத்தகைய சோதனை எழுந்திராது. கற்றாரது பெருமை பிழையாமையில் மட்டும் இல்லை. மெய் எவர் வாய்ப் பிறப்பினும் அதற்குத் தலைவணங்குதலிலும் உளது. மாணவராகிய நாம் பாரெட்டிடம் கற்கத்தக்கது இதுவே.