சிசிலித் தீவை ஏட்டில் காத்த இத்ரீஸீ (ரஹ்)



மத்தியதரைக் கடலின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். இத்தாலி நாடு காலணி போன்று நீண்டு கிடக்க, அதன் நுனியருகே முக்கோண வடிவில் ஒரு தீவு தென்படும். அதுவே சிசிலி. அக்கடலின் தீவுகள் யாவற்றினும் பெரியது. பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். இத்தாலியினின்றும் அதனைப் பிரிக்கும் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் அகலமே உடையது. தென்மேற்கே ஆப்பிரிக்காவின் துனீஸியக் கரை சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தீவின் மண்ணையும் மலையையும் நீரையும் ஊர் ஊராக எழுதிவைத்த பேரறிஞர் ஒருவரின் சரிதையை இவ்வாரம் காண்போம். அவர்தாம் அபூ அப்துல்லாஹ் முஹம்மது அல் இத்ரீஸீ (ரஹ்).

வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸப்தா நகரில், ஹிஜ்ரி 493-இல், அதாவது கி.பி. 1100-இல் அன்னார் பிறந்தார்கள். ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான இத்ரீஸிய்யா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஸ்பெயினின் குர்துபா நகரில் கல்வி பயின்றார்கள். இளமையிலேயே பல நாடுகளுக்குப் பயணம் செய்தார்கள்.

சிசிலிக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பை நீங்கள் அறிதல் வேண்டும். கி.பி. 827-இல் காழி அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்) தலைமையில் முஸ்லிம் படை அங்கு இறங்கிற்று. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்கள் அத்தீவில் ஆட்சி புரிந்தனர். 1091-க்குள் நார்மானியக் கிறித்தவர்கள் தீவு முழுவதையும் வென்றுவிட்டனர். ஆட்சி போயினும் குடிமக்களாக முஸ்லிம்கள் பெருந்தொகையினர் அங்கே வாழ்ந்துவந்தனர்.

இந்நிலையில்தான் மன்னர் இரண்டாம் ரோஜர், இத்ரீஸீ அவர்களைத் தமது தலைநகர் பலெர்மோவுக்கு அழைத்தார். நபிகளாரின் குடும்பத்து வாரிசு ஒருவர் கிறித்தவ மன்னரின் அவையில் அமர்வதா என்று மனம் கசந்தோர் இருந்திருக்கலாம். முஸ்லிம் சரித ஆசிரியர் பெரும்பாலோர் அன்னாரைப் பற்றி மௌனம் சாதித்தமைக்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆனால் அவர்கள் அங்கே செய்த பணி யாது என்பதைச் சிந்தியுங்கள்.

உலகத்தின் உண்மையான அமைப்பைக் கண்டறிவதே அப்பணி. சுமார் 15 ஆண்டுகள் அது நடந்தது. துறைமுகத்தில் வந்திறங்கும் பயணிகளும் வணிகர்களும் அழைக்கப்பட்டனர். அவர்களைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் விசாரித்தனர். ஒன்றுபட்ட செய்திகளை ஏற்றனர்; முரண்பட்டவற்றைத் தள்ளினர். நபிமொழிகளைத் திரட்டிய இமாம்கள் அறிவிப்பாளர்களை உரைத்துப் பார்த்த முறை உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா?

கிளைமேட் என்னும் ஆங்கிலச் சொல்லும், இக்லீம் என்னும் அரபுச் சொல்லும் ஒரே கிரேக்க மூலத்திலிருந்து வந்தவை. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கு நோக்கி உலகத்தை 7 இக்லீம்களாகவும், ஒவ்வொன்றையும் 10 பகுதிகளாகவும் பிரித்து, 70 வரைபடங்களை இத்ரீஸீ அவர்கள் அமைத்தார்கள். அவற்றில் தென் திசையே மேலே இருக்கும். முதல் இக்லீமில் ஸரந்தீப் எனப்படும் இலங்கையும், நான்காம் இக்லீமில் சிசிலியும் இடம்பெற்றுள்ளன.

சிசிலியில் மட்டும் 130 நகரங்களையும் கோட்டைகளையும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஓடும் ஆறு, ஊறும் சுனை, சுழலும் நீராலை எதனையும் விட்டுவைக்கவில்லை. நீருக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன்? அத்தீவில் மழை பெய்வது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடை மாதங்களில் வானம் வறண்டுவிடும். 3,300 மீட்டருக்கும் உயர்ந்த எட்னா எரிமலையில் குளிர்காலத்தில் பனி படியும். கோடையிலோ ஸஹாராப் பாலையின் வெங்காற்று கடல் கடந்து வீசும். 2021 ஆகஸ்ட் 11 அன்று அங்கு பதிவான 48.8 டிகிரி செல்ஸியஸ் வெப்பம் ஐரோப்பாக் கண்டத்திலேயே மிக உயர்ந்தது என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுள்ளது.

இத்தகைய மண்ணில் குளிர்கால நீரைத் தேக்கிக் கோடையில் பாய்ச்சும் கலையை அரபு மக்கள் வளர்த்தனர். எலுமிச்சை, கரும்பு, பருத்தி ஆகியவற்றைப் பயிரிட்டனர். நீர்த்தொட்டியைக் குறிக்கும் ஜாபியா, வாய்க்காலைக் குறிக்கும் ஸாகியா எனும் அரபுச் சொற்கள் சற்றே உருமாறிச் சிசிலி மொழியில் வழங்குகின்றன. த்ராபியா என்ற ஊரில் கோதுமை மாவால் இத்ரிய்யா என்னும் சேமியா போன்ற உணவு செய்யப்பட்டு, கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் சென்ற செய்தியையும் இத்ரீஸீ அவர்களின் நூலில் காணலாம்.

நுஸ்ஹத்துல் முஷ்தாக் என்னும் அந்நூல் 1154 ஜனவரியில் நிறைவுற்றது. அடுத்த மாதமே மன்னர் ரோஜர் மரணமடைந்தார். மன்னரின் விருப்பப்படி 400 ராத்தல் வெள்ளியில் ஓர் உலகப் படமும் வார்க்கப்பட்டிருந்தது. 1161-இல் கலகக்காரர்கள் அரண்மனையைச் சூறையாடியபோது அவ்வெள்ளி மறைந்தது என்பர். அக்கலகத்தில் பலெர்மோ முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டனர். 1165 வாக்கில் இத்ரீஸீ அவர்களும் இறையடி சேர்ந்தார்கள். அடுத்த நூற்றாண்டில், எஞ்சிய முஸ்லிம்கள் தீவினின்று பெயர்க்கப்பட்டு, இத்தாலியின் லூசெரா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1300-இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

வாசகர்களே! மன்னர் மறைந்தார், வெள்ளி மறைந்தது, ஒரு சமுதாயமே அத்தீவினின்று துடைக்கப்பட்டது. மறையாதிருப்பது நூல் ஒன்றே. 1592-இல் அதன் சுருக்கம் ரோம் நகரில் அரபு எழுத்திலேயே அச்சேறியது. கையெழுத்துப் பிரதிகள் பாரிஸ், ஆக்ஸ்போர்டு, இஸ்தான்புல் முதலிய நகரங்களில் பேணப்படுகின்றன. சிசிலி முஸ்லிம்கள் உழுத நிலத்துக்கும் அவர்கள் பாய்ச்சிய நீருக்கும் அந்த ஏடுகள் இன்றளவும் சாட்சியம் கூறுகின்றன. கேட்டதையெல்லாம் எழுதாமல், தேர்ந்து தெளிந்ததை மட்டுமே எழுதியதால்தான் அச்சாட்சியம் நிலைத்தது.

அறிவை அமானிதமாகக் கருதிய அன்னாருக்கு வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஒரு செய்தியைப் பிறருக்குச் சொல்லுமுன் அதன் உண்மையைத் தேர்ந்து தெளியும் பண்பை நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.