கல்தச்சர் மகன் கண்ட கணக்கு

ஆபரேஷன் மேஜையில் ஒருவர் மயக்கத்தில் கிடக்கிறார். தாகம் எடுத்தாலும் கேட்க அவரால் முடியாது. கையில் குத்திய ஊசி வழியாக உப்புநீர் இறங்குகிறது. எவ்வளவு கொடுப்பது?

குறைந்தால் சிறுநீரகம் கெடலாம். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கலாம்.

சில பெரிய ஆபரேஷன்களில், மெல்லிய குழாய் ஒன்றை உணவுக் குழாய்க்குள் இறக்குகிறார்கள். அதன் நுனியிலிருந்து, காதுக்குக் கேட்காத ஒலி புறப்படுகிறது. அருகே ஓடும் பெரிய ரத்தக் குழாயின் ரத்தத்தில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும்போது ஒலி சற்று மாறிவிடுகிறது. அந்த மாற்றமே ரத்தத்தின் வேகத்தைச் சொல்லிவிடும்!

கொஞ்சம் உப்புநீர் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இருதயம் தள்ளுகிற ரத்தம் கூடினால், நீர் தேவைப்பட்டது என்று அர்த்தம். கூடாவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு அடிப்படையான விதியைக் கண்டவர் கிறிஸ்டியன் டாப்ளர். அவர் வைத்தியர் அல்ல, கணக்கு வாத்தியார்.

நோஞ்சான் பிள்ளை

டாப்ளர் 1803-ல் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இன்று அது ஆஸ்திரியாவில் இருக்கிறது. இசை மேதை மோசார்ட் பிறந்ததும் அதே ஊர்தான்.

தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சு வேலை செய்த குடும்பம். டாப்ளருக்கோ உளி பிடிக்கத் தெம்பில்லை. அதனால் படிக்க வைத்தார்கள். கணக்கில் புலியானார். ஆனால் நிலையான வேலைதான் கிடைக்கவில்லை! பஞ்சாலையில் கணக்கு எழுதிக் காலம் தள்ளினார்.

1835-ல் மனம் வெறுத்துப்போனார். சாமான்களை விற்றுவிட்டு அமெரிக்கா போகத் துணிந்தார். அந்த நேரத்தில் பிராக் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. பயணம் நின்றது.

1842 மே 25-ந் தேதி பிராக் அறிஞர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். கேட்க வந்தவர்கள் ஒரு சிலரே. ஓசை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் சுருதி கூடும். விலகிப் போனால் குறையும். ஒளிக்கும் இதுவே விதி என்றார். நட்சத்திரங்கள் பல நிறமாகத் தெரிவதும் இதனால்தான் என்றார். நிறத்தைப் பற்றிச் சொன்னது தவறு. விதி சரி.

ரெயிலில் எக்காளம்

ஹாலந்துக்காரர் பைஸ் பாலட்டுக்குச் சந்தேகம் தீரவில்லை. 1845-ல் எக்காளம் ஊதுகிறவர்களை ரெயில் வண்டியில் ஏற்றினார். சுருதி அறிந்த வித்வான்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிறுத்தினார். பிப்ரவரியில் பனி கெடுத்துவிட்டது. ஜூனில் மறுபடியும் ஓட்டினார். வண்டி வரும்போது சுருதி ஏறியது, போகும்போது இறங்கியது!

1850-ல் டாப்ளர், வியன்னா பல்கலைக்கழகத்தின் பௌதிகக் கழகத்துக்குத் தலைவரானார். பட்டாணிச் செடி வளர்த்துப் பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல், அங்கே அவரிடம் படித்தவர்.

பதவி வந்தது, உடம்பு கைவிட்டது. நுரையீரல் நோய் முற்றியது. 1852-ல் பெட்ஸ்வால் என்ற பேராசிரியர் அவருடைய விதியைக் கடுமையாகத் தாக்கினார். ரெயில் சோதனை நடந்து ஏழு வருஷம் ஆன பிறகும் இந்த எதிர்ப்பு! அந்த ஆண்டின் கடைசியில், காற்று மாறினால் குணமாகும் என்று வெனிஸ் நகருக்குப் போனார் டாப்ளர். 1853 மார்ச் 17-ந் தேதி அங்கேயே இறந்தார். வயது 49.

நூறு ஆண்டு கழிந்தது. 1950-களில் ஜப்பானியரான சடோமுரா, டாப்ளரின் விதியைக் கொண்டு இருதயத்தின் அசைவை அளந்தார். நட்சத்திரங்களுக்காகப் போட்ட கணக்கு, மனித உடம்புக்குள் நுழைந்தது.