ஏட்டில் இருப்பது நம் இல்மாகுமா?

நம் இல்லங்களில் கிதாபுகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆயினும் படித்தவற்றுள் நம்மிடம் தங்கியது எவ்வளவு? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டவன் ஒரு கொள்ளைக்காரன்!

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராசானிலுள்ள தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், இளமையில் ஜுர்ஜான் சென்று ஓதினார்கள். கேட்ட பாடங்களை ஏடுகளில் குறித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டனர். இமாமவர்களோ அவர்கள் பின்னாலேயே சென்று, தம் குறிப்பேடுகளை மட்டுமாவது தந்துவிடும்படி மன்றாடினார்கள். அவற்றிலுள்ள அறிவைப் பெறவே ஊர்விட்டு ஊர் சென்றதாகச் சொன்னார்கள். கொள்ளையர் தலைவன் நகைத்தான். ஏட்டைப் பறித்ததும் பறிபோய்விடும் அறிவைக் கற்றதாக எப்படிச் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தான். தமக்கு நேர்வழி காட்டவே அல்லாஹ் அவனைப் பேச வைத்தான் என்று இமாமவர்கள் கருதினார்கள். தூஸில் மூன்றாண்டுகள் தங்கி, எழுதியவை அனைத்தையும் மனனம் செய்தார்கள். தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள வரலாறு இது.

மனனத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நைசாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். கி.பி. 1091-ல் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியரானார்கள். அங்கே முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியபடியே, ஓய்வு நேரத்தில் தத்துவ நூல்களைத் தாமாகவே படித்தார்கள். இரண்டாண்டுக்குள் அவற்றை விளங்கிக்கொண்ட பின்னும், ஏறத்தாழ ஓராண்டு அவற்றையே திரும்பத் திரும்பச் சிந்தித்தார்கள். 'தஹாஃபுதுல் பலாஸிஃபா'வில் தத்துவவாதிகளை மறுத்த அவர்களே, 'மகாஸிதுல் பலாஸிஃபா'வில் அவர்களின் கொள்கையை உள்ளபடி விளக்கினார்கள். லத்தீன் மொழியில் அதைப் படித்த ஐரோப்பியர் பலர், இமாமவர்களையும் அக்கொள்கையினர் என்றே எண்ணிவிட்டனர். அத்தனைத் தெளிவாக விளங்கிப் படித்திருந்தார்கள்.

அறிந்தது அமலாக வேண்டும் என்ற கவலையால் 1095-ல் அந்த உயர் பதவியையும் துறந்தார்கள். ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) தூஸிலேயே மறைந்தார்கள்.

நாமும் ஒரு பக்கம் படித்ததும் கிதாபை மூடிவைப்போம். படித்ததை நம் சொந்தச் சொற்களில் வீட்டாரிடம் சொல்லிப் பார்ப்போம். நா தடுமாறும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம். நம் பிள்ளைகளையும் இவ்வாறே பழக்குவோம். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் படிப்பு, கள்வன் கைப்பட்ட ஏடு போன்றதே.

பயனுள்ள இல்மை வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.