செண்டா பெரன்ஸன் அம்மையார்

செண்டாடுதல் என்பது பந்தாடுதலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழஞ்சொல். கூடைப் பந்தாட்டத்தை மகளிர்க்குரியதாக அமைத்துத் தந்த அம்மையாரின் பெயரோ செண்டா என்பதாம். அப்பெயருக்கும் எம்மொழிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; ஆயினும் அவ்வொலியொற்றுமை தமிழ் பயிலும் எமக்குச் சிறிது இன்பம் பயந்தமையால், அவ்வம்மையாரின் வரலாற்றை ஆராயப் புகுந்தோம். புகுந்த பின்னர், பெயரொற்றுமையினும் பெரியதொரு பொருள் அதன்கண் அடங்கியிருத்தலைக் கண்டோம். பிறர் நன்மை கருதி ஒருவர் வகுக்கும் எல்லை ஒரு காலத்தில் வாயிலாகவும் பிறிதொரு காலத்தில் மதிலாகவும் ஆகக்கூடும் என்பதே அது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

அக்காலத்தில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லிதுவேனியா நாட்டில் புட்ரிமோனிஸ் என்னும் ஊரில், 1868-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள், ஒரு யூதக் குடும்பத்தில் இவ்வம்மையார் பிறந்தார். இவருடைய தந்தையார் பிழைப்பை நாடி அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரில் சில்லறைச் சரக்குகளைச் சுமந்து விற்கும் தொழிலை மேற்கொண்டு, பெரன்ஸன் என்னும் புதுப் பெயரையும் பூண்டார். 1875-ல் மனைவி மக்களும் அவரைச் சென்று சேர்ந்தனர். பிற்காலத்தில் இத்தாலிய ஓவியங்களை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய பெர்னார்டு பெரன்ஸன் இவருடைய தமையனார் ஆவர். தமையனார் ஓவியக் கலையில் தலைசிறந்தார். தங்கையாரோ உடற்கலையில் தலைசிறந்தார்.

ஆனால் இளமையில் இவரைக் கண்டோர் எவரும் இவர் உடற்பயிற்சி ஆசிரியை ஆவார் என்று கனவிலும் கருதியிரார். இவர் பிறவியிலேயே மெலிந்த யாக்கையினர். நோயின் காரணமாகப் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லவும் இயலவில்லை. இசையில் இவருக்கு மிக்க விருப்பம் இருந்தமையால், பாஸ்டன் நகரிலுள்ள சங்கீதக் கலாசாலையிற் சேர்ந்து பியானோ பயிலத் தொடங்கினார். அங்கும் நோய் தொடர்ந்தது. நெடுநேரம் அமர்ந்து வாசித்தற்கு இவருடைய முதுகு இடந்தரவில்லை. ஆதலின் தாம் பெரிதும் விரும்பிய கலையைக் கைவிட நேர்ந்தது. ஓர் இளம்பெண்ணின் உள்ளம் அந்நாளில் எத்துணைத் துயருற்றிருக்கும் என்பதை யாம் கூறவும் வேண்டுமோ?

உடலைத் திருத்திக்கொண்டாலன்றி வேறு வழியில்லை என்ற நிலையில், 1890-ல் இவர் பாஸ்டன் தேகப் பயிற்சி ஆசிரியர் கலாசாலையிற் சேர்ந்தார். செல்வமும் ஈகையும் ஒருங்கே பெற்ற மேரி ஹெமன்வே என்னும் அம்மையாரும், ஏமி மாரிஸ் ஹோமன்ஸ் என்னும் அம்மையாரும் அதற்கு முந்திய ஆண்டிலே நிறுவிய கலாசாலை அது. ஸ்வீடன் நாட்டு முறைப்படி கைகால்களை ஒழுங்காக அசைத்துப் பழகும் பயிற்சி அங்கே கற்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் சில நிமிஷங்கள் பயின்றதும் இவர் களைத்துப் படுத்துவிடுவாராம். அப்பயிற்சியில் இவருக்கு மனமும் பற்றவில்லை. எனினும் ஹோமன்ஸ் அம்மையாரின் கண்டிப்புக்கு அஞ்சியும், நாளடைவில் உடம்பில் தோன்றிய மாறுதலைக் கண்டு வியந்தும் விடாது பயின்றார். மாதங்கள் செல்லச் செல்ல முதுகு நிமிர்ந்தது, மூச்சு நிலைத்தது, உண்ணவும் உறங்கவும் உழைக்கவும் வல்லவரானார். தாம் பெற்ற இப்பேற்றைப் பிற பெண்களும் பெறல் வேண்டும் என்ற எண்ணம் இவர் நெஞ்சில் வேரூன்றியது.

1892-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நார்தாம்ப்டன் என்னும் சிறுநகரிலுள்ள ஸ்மித் பெண்கள் கலாசாலையில் இவர் தேகப் பயிற்சி ஆசிரியை ஆனார். பெண்கள் உயர்தரக் கல்வி கற்பதே உடலுக்குக் கேடு என்று மருத்துவருட் சிலரும் எழுதிவந்த காலம் அது. மாணவிகளோ ஸ்வீடன் முறைப் பயிற்சியைக் கடனுக்குச் செய்தனரேயன்றிக் களிப்புடன் செய்தாரல்லர். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில் உள்ளம் கிளர்ச்சியுறுமா? உடற்குப் பயிற்சியும் உள்ளத்துக்கு விளையாட்டும் ஒருங்கே தருவதொன்று வேண்டும் என்பதை அம்மையார் உணர்ந்தார்.

அவ்வாறானதொன்று அவ்வூருக்கு ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலேயே சின்னாட்களுக்கு முன் பிறந்திருந்தது. ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலையில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வகுத்தார். பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை மண்டபத்தின் இரு கோடியிலும் பத்தடி உயரத்திற் பொருத்தி, பதின்மூன்று விதிகளை எழுதி, பதினெட்டு மாணவரை இரு கட்சியாக நிறுத்தி ஆடச் செய்தார். அவ்விதிகள் 1892 ஜனவரியில் அச்சங்கத்தாரின் பத்திரிகையில் வெளிவந்தன. அதனைப் படித்த பெரன்ஸன் அம்மையார் காலந்தாழ்த்தாது தம் மாணவிகளுக்கு அவ்வாட்டத்தைக் கற்பிக்கலானார். முன்பு மணி எப்பொழுது அடிக்கும் என்று காத்திருந்த பெண்கள், இப்பொழுது மணி அடித்தும் மண்டபத்தை விட்டுச் செல்ல மனமிலராயினர்.

1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் முதல் வகுப்பாருக்கும் இரண்டாம் வகுப்பாருக்கும் ஓர் ஆட்டம் நடைபெற்றது. ஆடவர் எவரும் உள்ளே விடப்பட்டிலர். மண்டபம் முழுவதும் அவ்வவ்வகுப்பின் நிறங்களால் அணிசெய்யப்பட்டிருந்தது. மாணவியரின் ஆரவாரம் கூரையைப் பிளந்தது. ஆட்டத்தைத் தொடங்குதற்குப் பந்தை அம்மையாரே மேலே எறிந்தார். அவ்வமயம் முதல் வகுப்பின் தலைவியுடைய கை அவர் கையோடு மோதவே, அப்பெண்ணின் தோள்மூட்டு நழுவிவிட்டது. உடனே அவளை அலுவலறைக்கு அழைத்துச் சென்று மூட்டைச் சரிப்படுத்தினர், வேறொருத்தி அவளிடத்தில் நின்றாள், ஆட்டம் தொடர்ந்தது. முடிவில் 5-க்கு 4 என்ற கணக்கில் இரண்டாம் வகுப்பார் வென்றனர்.

அந்நாளில் அம்மையார் ஆட்டத்தை நிறுத்தியிருப்பின் அவரை எவரும் குறைகூறியிரார். பெண்களுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் ஆகா என்று சொல்லக் காத்திருந்தோர் பலர். ஒரு பெண்ணின் தோள் நழுவிய செய்தி அவர்கள் வாய்க்கு நல்ல அவலாயிருக்கும். ஆனால் அவர் நிறுத்தினாரல்லர், ஆட்டத்தைத் திருத்தினார். ஆடுகளத்தை இரண்டு கோடுகளால் மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நின்றோர் மற்றொரு பகுதிக்குச் செல்லலாகாது என விதித்தார். ஒருத்தி கையிலுள்ள பந்தை மற்றொருத்தி பறித்தலும் தட்டிவிடலும் கூடா; மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருத்தல் கூடாது; மூன்று முறைக்கு மேல் அதனைத் தரையில் தட்டுதலும் கூடாது என்றார். இவற்றால் முரட்டுத்தனம் குறைந்தது. அன்றியும், வல்லவள் ஒருத்தியே களமெங்கும் ஓடிப் பந்தைத் தன்னதாக்கிக் கொள்ளுதலும் நின்றது. மூன்று பகுதியிலும் நின்றவர்க்குப் பங்கு கிடைத்தது. ஓட்டத்தில் வல்லளல்லாத பெண்ணும் ஆட்டத்திற்கு இன்றியமையாதவளானாள்.

ஆட்டம் விரைவிற் பரவிற்று. பரவிய இடங்களில் விதிகளும் வேறுபட்டன. ஆகவே 1899-ல் ஸ்பிரிங்பீல்டில் கூடிய தேகப் பயிற்சி மகாநாட்டில், மகளிருக்கென ஒரே விதமான விதிகளை அமைக்க ஒரு குழு நிறுவப்பட்டது. அக்குழுவின் விதிகள் அம்மையாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1901-ல் நூலாக வெளிவந்தன. 1905 முதல் 1917 வரை அவரே மகளிர் கூடைப் பந்துக் குழுவின் தலைவியாக விளங்கினார். கூடைப் பந்தோடு அவர் அமைந்தாரல்லர். 1897-ல் ஸ்வீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்குச் சென்று பயின்று வந்தார். வாட்பயிற்சி, நாட்டுப்புற நடனம், ஹாக்கி முதலியவற்றையும் ஸ்மித் கலாசாலையிற் புகுத்தினார். உடல் நலிந்த மாணவியர்க்குத் தனியே பயிற்சி முறைகளை வகுத்தார். தாம் நலிந்திருந்த நாட்களை அவர் மறந்தாரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

போட்டியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து ஒன்று கவனிக்கற்பாலது. ஒரு கலாசாலை மாணவியர் தம்முள் வகுப்பு வகுப்பாக ஆடுவதை அவர் விரும்பினார். வெளிக் கலாசாலைகளோடு பொருதுவதை விரும்பவில்லை. வெற்றி ஒன்றையே கருதும் வேட்கையும், அதனால் விளையும் வஞ்சமும் பணப்பற்றும் ஆடவர் ஆட்டங்களைக் கெடுத்தன என்றும், அக்கேடு பெண்களை அணுகலாகாது என்றும் அவர் எண்ணினார். ஆடல் என்பது சிறந்த சிலர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது என்பதே அவர் கொள்கை.

1911-ல் அக்கலாசாலையின் ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் வாகன் ஆப்பட் என்பாரை மணந்து, ஸ்மித் கலாசாலைப் பணியினின்றும் விலகினார். பின்னர் அவ்வூரிலேயே உள்ள பர்னம் பெண்கள் பாடசாலையில் 1921 வரை தேகப் பயிற்சியை நடத்தினார். 1929-ல் கணவர் காலமான பின், கலிபோர்னியா மாகாணத்துச் சாந்தா பார்பரா நகரையடைந்து தம் சகோதரியுடன் வாழ்ந்து, 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ஆம் நாள் தமது எண்பத்தைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பியானோவின் முன் அமரவும் வலியின்றி வருந்திய பெண் இத்துணை நீண்ட வாழ்வு வாழ்ந்தார்.

அவர் விதித்த கோடுகளின் வரலாறு அவரோடு முடியவில்லை. அது அமெரிக்க நாட்டுச் சிற்றூர் உயர்தரப் பாடசாலைகளில் தொடர்ந்தது. உழவே தொழிலாகக் கொண்ட அயோவா மாகாணத்தில் பெண்களுக்கான மாகாணப் போட்டி 1920-ல் தொடங்கிற்று. 1925-ல் பாடசாலை விளையாட்டுச் சங்கத்தார் பெண்கள் போட்டியைக் கைவிடத் துணிந்தபொழுது, சிற்றூர்ப் பாடசாலையினர் அதற்கு இணங்காது, பெண்களுக்கெனத் தனிச் சங்கமொன்றைக் கண்டனர். பனி பெய்யும் மாலையில் ஊரார் பாடசாலை மண்டபத்திற் கூடி, தம் மகளிர் ஆடுவதைக் கண்டு களித்தல் அங்கு வழக்கமாயிற்று. ஒக்லஹோமா மாகாணத்தில் பிங் என்னும் சிற்றூரின் பாடசாலையில் பெர்த்தா டீக் என்னும் அம்மையார் 1927 முதல் 1969 வரை பயிற்சியளித்து, 1,157 ஆட்டங்களில் தம் மாணவியரை வெற்றி பெறச் செய்தார். பெரன்ஸன் அம்மையாரின் விதிகள் ஆட்டத்தைக் கண்ணியமுடையதாக்கியதனாலன்றோ பெற்றோர் தம் புதல்வியரை அஞ்சாது களத்திற்கு அனுப்பினர்! ஆயினும் அவர் அஞ்சிய வெற்றி வேட்கையே அம்மண்டபங்களை நிரப்பிற்று என்பதையும் மறைத்தலாகாது.

1938-ல் களத்தின் மூன்று பகுதிகள் இரண்டாயின. ஒரு கட்சிக்கு அறுவர். மூவர் பந்தெறிவோர், மூவர் காப்போர். காப்போராக நின்ற பெண்கள் நடுக்கோட்டைத் தாண்டலாகாது. ஆதலின் பாடசாலை நாட்கள் முழுவதும் ஆடியும் ஒரு முறையேனும் போட்டியிற் கூடையை நோக்கிப் பந்தெறியாமலே விடைபெற்ற பெண்கள் எத்துணையரோ! ஒரு காலத்திற் காவலாயிருந்த கோடு பிறிதொரு காலத்திற் சிறையாயிற்று. 1971-ல் கலாசாலை மகளிர்க்கு அக்கோடு நீங்கி, களம் முழுவதும் ஐவர் ஓடியாடும் முறை வந்தது. சிற்றூர்ப் பாடசாலைகளோ பழைய முறையை எளிதில் விட்டில. அயோவாவில் 1993-லும், ஒக்லஹோமாவில் 1995-லுமே அது மறைந்தது. மறைந்தபொழுது அதற்காகக் கண்ணீர் சிந்தியோரும் உண்டு.

இவ்வம்மையாரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? பெண்களை அடைத்துவைத்தவர் என்று இகழ்வோமா? கதவைத் திறந்தவர் என்று புகழ்வோமா? எமது சிற்றறிவுக்குத் தோன்றுவது இது. 1893-ல் அக்கோடுகள் இல்லையெனின் ஆட்டமே இல்லையாய்ப் போயிருத்தல் கூடும். ஆதலின் வகுத்தவர்பால் குற்றமில்லை. காலம் மாறிய பின்னும் அவற்றை அழிக்க அஞ்சினோர்பாலே குற்றம். பெண்ணின் உடல் இவ்வளவுதான் என்று கூறுவோர்க்கு மறுமொழி அவ்வம்மையாரின் விதிநூலில் இல்லை. அவருடைய வாழ்விலேயே உள்ளது. சில நிமிஷப் பயிற்சிக்கே தளர்ந்து வீழ்ந்தவர் ஒரு நாட்டு மகளிர் அனைவரையும் ஓடச் செய்தார் எனின், எவளுடைய ஆற்றலுக்கு எவர் எல்லை கோலவல்லார்?

1985-ல் நெய்ஸ்மித் பெயரால் விளங்கும் கூடைப் பந்துப் புகழ் மண்டபத்தில் முதன்முதல் இடம்பெற்ற பெண்மணிகளுள் பெரன்ஸன் அம்மையாரும், பிங் சிற்றூரின் டீக் அம்மையாரும் ஒருங்கே இருத்தல் மிகப் பொருத்தம். அம்மண்டபம் இருப்பதும் ஸ்பிரிங்பீல்டிலேயாம். அவ்வூர்க் கலாசாலையில் பயின்ற பக் என்னும் பெரியார்தாம் 1920-ல் சென்னையில் தேகப் பயிற்சிக் கலாசாலையை நிறுவினார் என்பதை எண்ணுந்தோறும், அப்பழக்கூடைகள் எமக்கும் அண்மையனவாகவே தோன்றுகின்றன. இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வையாது பெருக்குதல் ஆடவர்க்கும் மகளிர்க்கும் பொதுவான கடன். உடலும் அத்தாலந்துகளுள் ஒன்றே. மாலை வேளையில் பந்து கையேந்திக் களம் புகும் எம் சகோதரிகள், தம் காலடியிலுள்ள கோட்டைக் காணுந்தோறும், அது எதற்காக இடப்பட்டது என்பதையும், எப்பொழுது அழிக்கப்படவேண்டுவது என்பதையும் ஒருங்கே சிந்திப்பாராக.