பாஸ்கர சேதுபதி

இராமேசுவர யாத்திரிகர்களுக்குக் காவலாய் நின்ற மறவர் தலைவர்களின் பட்டமே சேதுபதி. 1795-இல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைப்படுத்தினர். 1803-இல் அவர் சகோதரி ராணி மங்களேசுவரி நாச்சியாரை ஜமீன்தாரிணி ஆக்கினர். ஆட்சி போயிற்று, பட்டம் நின்றது.

அதற்கும் வழக்கு வந்தது. கைம்பெண்ணான ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் முத்துராமலிங்கர் என்ற பிள்ளையைத் தத்தெடுத்தார். தத்து செல்லாது என்றார் மதுரைக் கலெக்டர். செல்லாவிட்டால் ஜமீன் சர்க்காருக்கு! கணவர் அனுமதி இல்லையாயினும் பங்காளிகளின் சம்மதம் போதுமென்று லண்டன் பிரிவி கவுன்சில் 1868-இல் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை நன்கறிவர். அவ்வாண்டே நவம்பர் 3-இல் அந்தத் தத்துப்பிள்ளைக்கு மகனாகப் பிறந்தவர்தாம் பாஸ்கரர்.

1873-இல் தந்தை மறைய, ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் பொறுப்பில் சென்றது. சென்னையில் கல்வி பயின்று 1889-இல் பட்டமேற்றார் பாஸ்கரர்.

பிறகு கொடுத்தார், கொடுத்தார், கொடுத்துக்கொண்டே இருந்தார். கோயில்களுக்கும் புலவர்களுக்கும் கணக்கின்றி வழங்கினார். விவேகானந்தரைச் சிகாகோ செல்லத் தூண்டியவர்களுள் ஒருவர் அவர். 1897 சனவரியில் சுவாமிகள் பாம்பனில் இறங்கியபோது, வண்டிக் குதிரைகளை அவிழ்க்கச் செய்து தாமே இழுத்தார். உறவினர் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டபோதும் துணை நின்றார்.

கடன் கழுத்தை நெரித்தது. வாழ்நாளிலேயே நிர்வாகம் கைநழுவியது. ஊதாரி என்பாரும் உண்டு. ஆட்சியற்ற பட்டத்துக்குக் கொடை ஒன்றே எஞ்சிய அரச இலக்கணம் என்று கருதினார் போலும்.

1903 டிசம்பர் 27-இல் மறைந்தபோது அவருக்கு வயது 35. பட்டம் மகன் ராஜராஜேசுவர சேதுபதியைச் சேர்ந்தது.