ஆசிரியர் ஸையத் அப்துல் ரஹீம்

இந்தியக் கால்பந்தாட்டத்தின் வரலாற்றைப் படிக்கப் புகுவார்க்கு ஒரு வியப்பு எதிர்ப்படும். நம் நாட்டணி ஆசியப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது இருமுறையே. 1951-ஆம் ஆண்டு டில்லியில் ஒருமுறை, 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் மறுமுறை. ஒலிம்பிக் போட்டியில் நான்காம் இடம் எய்தியது ஒரேமுறை. அது 1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் நகரில் நிகழ்ந்தது. இம்மூன்றிடத்தும் அணியைப் பழக்கி நடத்தியவர் ஒருவரே. அவர் ஹைதராபாத் நகரத்துப் பள்ளிகளில் மாதச் சம்பளத்திற்குப் பாடஞ்சொன்ன ஓர் உபாத்தியாயர். ஸையத் அப்துல் ரஹீம் என்னும் அவர் பெயரை நம் கல்லூரி மைதானத்திற் பந்துதைப்போரிடம் வினவினால், ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டக்காரரை ஒருவர் விடாமற் சொல்ல வல்லவரும் சற்றே விழிக்கக் காண்கின்றோம். ஆதலின் அன்னார் வரலாற்றை இவ்விதழ் வாயிலாகக் கூற முற்பட்டேன்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள், அந்நாளில் நிஜாம் மன்னரின் தலைநகராயிருந்த ஹைதராபாத்திற் பிறந்தார். அந்நகரத்து உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றார். 1918-ஆம் ஆண்டிற் தோன்றிய அப்பல்கலைக்கழகம் உயர்கலைகளை ஆங்கிலத்தை விடுத்து உருது மொழியிலேயே கற்பித்து வந்தது. இந்நாட்டு மொழிகளில் உயர்கல்வி இயலாது என்று வாதிப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. நிற்க. மாணவராயிருந்த காலத்தே ரஹீம் நன்கு பந்தாடுவார் எனப் பெயர் பெற்றிருந்தார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சியுற்று, காச்சிகூடா, சாதர்காட் முதலிய பகுதிகளிலுள்ள பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்தார். 1943-ஆம் ஆண்டு ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாயினார். அப்பொறுப்பை இறக்குமளவும் விட்டாரில்லை. 1950-ஆம் ஆண்டு நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாசிரியரானார். நாட்டின் அணியும் அவர் கையில் வந்து சேர்ந்தது.

அந்நாளில் நம்மவர் ஆட்டம் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவர் மேற்கொண்ட வேலையின் அருமை விளங்காது. ஆட்டக்காரரிற் பலர் வெறுங்காலால் ஆடினர். நம் நாட்டுப் போட்டிகள் தொண்ணூறு நிமிடங்களுக்குக் குறைவாகவே நடந்தன. வெளிநாடு சென்றபோது மூச்சு முன்னே தளர்ந்தது. எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. பந்து தன் காலிற் பட்டதும் அதனைப் பிதிரார்ஜிதச் சொத்தாக எண்ணி, ஒருவரை ஏய்த்து, மற்றொருவரை ஏய்த்து, மூன்றாமவரிடம் பறிகொடுத்து நிற்பவனையே கூட்டத்தார் கைதட்டி வாழ்த்தினர். பக்கத்தில் நிற்கும் தோழனுக்குத் தள்ளிக் கொடுப்பவனை யாரும் கவனிப்பதில்லை.

ரஹீம் இக்குறையைத் திட்டித் தீர்க்க முயலவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி வகுப்பதுபோல் இதற்கும் ஒரு பயிற்சி வகுத்தார். ஒரு போட்டியில் யாரும் பந்தைக் காலிற் கட்டிக்கொண்டு எதிரியை ஏய்த்தல் கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குக் கொடுத்துவிடல் வேண்டும். மற்றொரு போட்டியில் அவரவர்க்குப் பழக்கமில்லாத காலாலேயே உதைத்தல் வேண்டும். இவ்விரு விதிகளையும் வைத்து நகரத்து இளைஞர்க்குப் போட்டிகள் நடத்தினார். முதலிற் சிரித்தவர்கள் சின்னாளில் அதன் பயனைக் கண்டனர். போலீஸ் உத்தியோகத்திலிருந்த ஆட்டக்காரரைக் கொண்ட அவரணி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பொருள்வளமும் பெரும்புகழும் வாய்ந்த கல்கத்தாக் கழகங்கள் அதைக் கண்டு மலைத்து நின்றன.

அவர் ஆட்களைத் தேர்ந்த விதத்திற்கு ஒன்று சொல்வேன். துளசிதாஸ் பலராம் என்னும் ஏழை இளைஞர் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் வாழ்ந்தார். நாடோறும் பயிற்சிக்கு வர அவருக்கு வண்டிச் சத்தம் இல்லை. வாடகைச் சைக்கிளுக்கென நாளொன்றுக்கு ஒரு ரூபாய் ரஹீமே தந்தார் என்று பலராம் பிற்காலத்தே நன்றியுடன் சொல்லியுள்ளார். அந்தச் சைக்கிள் பின்னர் மெல்பர்னுக்கும் ரோமுக்கும் ஜகார்த்தாவுக்கும் சென்றது எனலாம்.

இனி நாட்டணியின் கதைக்கு வருவோம். விடுதலை பெற்ற மறுவருடம், 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி பிரான்சிடம் 1-2 என்று தோற்றது. தண்டனை உதைகள் இரண்டு வீணாயின. 1950-ஆம் ஆண்டு பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பைக்குச் செல்லும் உரிமை கிடைத்தும் நம்மவர் செல்லவில்லை. வெறுங்காலாட்டத்தை மறுத்தமையாற் செல்லவில்லை என்னும் கதை நாடெங்கும் வழங்குகின்றது. சங்கத்தார் ஒலிம்பிக்கைப் பெரிதாகவும் உலகக் கோப்பையைச் சிறிதாகவும் மதித்தமையே பெருங்காரணம் என்பது என் துணிபு. மறு ஆண்டு டில்லியில் முதல் ஆசியப் போட்டி நடந்தது. ரஹீமின் அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானத்தையும் வென்று, இறுதியில் ஈரானை மேவாலால் அடித்த ஒரு கோலால் வீழ்த்தித் தங்கம் கொண்டது.

அவ்வெற்றியின் மகிழ்ச்சி ஓராண்டே நிலைத்தது. 1952-ஆம் ஆண்டு ஜூலையில் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில், குளிரிலும் ஈரத் தரையிலும், பலர் வெறுங்காலினராய் யூகோஸ்லாவியாவை எதிர்த்தனர். முடிவு 1-10. நம் ஒரு கோல் அகமத்கான் அடித்தது. அதுவும் ஆட்டம் முடியும் தறுவாயில். இத்தகைய தோல்விக்குப் பின் பயிற்சியாசிரியரை நீக்குவதே உலக வழக்கம். ரஹீம் நீக்கப்படவில்லை, அவர் வேறு யார் மீதும் பழி சுமத்தியதாகவும் தெரியவில்லை. அதன்பின் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்று சங்கம் விதி செய்தது. அக்காலத்து ஐரோப்பாவில் ஹங்கேரியர் ஒரு புது முறையைக் கையாண்டனர். நடு முன்னணி ஆட்டக்காரர் கோலருகே காத்துநில்லாமற் பின்வாங்கி வருவார். அவரைத் தொடர்ந்து காவலர் விலகிய வெளியிற் பிறர் புகுவர். 1953-ஆம் ஆண்டு அவர்கள் இங்கிலாந்தை அதன் சொந்த வெம்ப்ளியிலேயே 6-3 என்று வென்றது இம்முறையால். தொலைக்காட்சி இல்லாத நாட்டிலிருந்து ரஹீம் இவற்றைக் கற்று, நம் ஆட்டக்காரர்க்கு ஏற்பத் திருத்திக் கொடுத்தார்.

மெல்பர்ன் வெற்றியை நம் பத்திரிகைகள் பாடும்போது ஒன்றை மறைத்துவிடுகின்றன. அங்கு வந்த அணிகள் பதினொன்றே. முதற்சுற்றில் நம்மை எதிர்க்க வேண்டிய ஹங்கேரி வரவில்லை. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஓர் ஆட்டமே நம்மை அரையிறுதிக்கு ஏற்றியது. அவ்வாட்டத்தில் நெவில் டிஸூஸா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு என வழங்கிய கிருஷ்ணசாமியினுடையது. எனவே நான்காம் இடம் என்னும் எண்ணை மட்டும் பற்றிக்கொண்டு பெருமை பேசுவதில் பொருளில்லை. அரையிறுதியையே நோக்குதல் வேண்டும். எதிரே நின்றவர் அதே யூகோஸ்லாவியர். இடைவேளைக்குப்பின் டிஸூஸா அடித்த கோலால் இந்தியாவே முதலில் முந்தியது. சில நிமிடங்களே அந்நிலை நீடித்தது. பின் அவர்கள் நான்கு கோல் பெற்று வென்றனர். ஆயினும் பத்துக்கு ஒன்று என்றிருந்த இடைவெளி நான்கே ஆண்டில் நான்குக்கு ஒன்றாகியது. இருமுறையும் யூகோஸ்லாவியர் வெள்ளிப் பதக்கம் பெற்ற வல்லவர்கள் என்பதையும் சேர்த்தெண்ணுக. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்றோம்.

1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் நம் அணி ஓராட்டமும் வெல்லவில்லை. எனினும் என் சிற்றறிவிற்கு எட்டியவரை அவ்வணியே மெல்பர்ன் அணியினும் சிறந்தது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது. அவ்வாட்டத்தில் தலைவர் பி. கே. பானர்ஜியின் கோலால் முந்தி நின்று, முடிவு நெருங்குகையிற் பிரெஞ்சுக்காரர் சமன் செய்தமையால் வெற்றி கைநழுவியது. பெருவிடம் 1-3. அவ்வணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் சென்றிருந்தார். மூன்றாட்டங்களிலும் தந்தை அவரைக் களத்தில் இறக்கவில்லை. மகனுக்கென்று ஒரு நிமிடங்கூட வாங்கித் தராத தந்தையின் நெஞ்சில் அப்பொழுது என்ன இருந்தது என்பதை யாரறிவார்?

1962-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தாவுக்குப் புறப்பட்டபோது ரஹீமுக்கு ஐம்பத்து மூன்று வயது. உயிரைக் குடிக்கப்போகும் நோய் அப்பொழுதே அவரைப் பற்றியிருந்தது என்பர். முதலாட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றனர். ஆனால் பின்காவலின் தூணாகிய ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்து தையல் போடவேண்டியதாயிற்று. அவரின்றியே ஜப்பானை 2-0 என்று வென்றனர். கோல் காவலர் பீட்டர் தங்கராஜும் காய்ச்சலாற் படுத்தார். ஆறடிக்கு மேல் நெடிது வளர்ந்த இத்தங்கராஜ், நீலகிரியில் வெல்லிங்டனிலுள்ள சென்னைப் படைப்பிரிவிற் சேவை செய்தவர். நம்மவர் தனியே நினைக்கத் தக்கவர்.

களத்திற்கு வெளியேயும் இடி விழுந்தது. இஸ்ரேலியர்க்கும் தைவான் நாட்டார்க்கும் இந்தோனேசிய அரசு அனுமதி மறுத்தது. ஆசியப் போட்டிச் சம்மேளனத்தில் முக்கியப் பதவி வகித்த இந்தியராகிய சோந்தி, இதனை ஆசியப் போட்டி என்று அழைத்தலே தகாது என்று எதிர்த்தார். ஊர்மக்கள் சினம் இந்தியர் அனைவர் மீதும் பாய்ந்தது. இறுதியாட்டத்திற்கு முதல்நாள் இந்தியத் தூதரகத்தைக் கூட்டத்தார் தாக்கினர். ஆட்டக்காரர் தெருவில் நடக்கவும் அஞ்சினர்.

இந்நிலையில் ரஹீம் செய்த துணிவு ஒன்று இன்றும் பேசப்படுகின்றது. தலையிற் கட்டுடன் இருந்த ஜர்னெயிலைப் பின்காவலில் நிறுத்தினால் வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டவேண்டியிருக்கும். அவர் இளமையில் முன்னணியிலும் ஆடியவர் என்பதை நினைவிற் கொண்டு, ரஹீம் அவரை நடு முன்னணியில் நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியத்நாமை 3-2 என்று வென்ற ஆட்டத்தில் ஜர்னெயில் ஒரு கோல் அடித்தார். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு அடித்தார்.

இறுதியாட்டத்திற்கு முதல்நாளிரவு யாருக்கும் உறக்கம் வரவில்லை. ரஹீம் தம் மாணாக்கரை அழைத்து, இத்தனை நாளும் உங்களிடம் யாதும் கேட்டிலேன், நாளை எனக்கு அத்தங்கத்தைக் காணிக்கையாகத் தரல்வேண்டும் என்னும் பொருள்பட வேண்டிக்கொண்டதாக அவர்கள் முதுமையிலும் கண்கலங்கக் கூறி வந்தனர். செப்டம்பர் 4-ஆம் நாள் ஏறத்தாழ நூறாயிரம் பேர் கூடிய அரங்கில் நம் அணி புகுந்தது. நாட்டுப் பண் ஒலிக்கும்போதும் கூச்சல் ஓயவில்லை. பார்வையாளரிடையே நமக்காகக் குரல் கொடுத்தவர் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரே என்று நம் ஆட்டக்காரர் பின்னர் நினைவுகூர்ந்தனர். எதிரே, முதலாட்டத்தில் நம்மை வென்ற அதே கொரியர். காய்ச்சல் நீங்கிய தங்கராஜ் கோலில் நின்றார். 17-ஆம் நிமிடத்திற் பி. கே. பானர்ஜி முதற்கோல் அடித்தார்; 20-ஆம் நிமிடத்தில் ஜர்னெயில் சிங் இரண்டாம் கோல் அடித்தார். கொரியர் ஒன்றை மீட்டது ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது. 2-1 என்று தங்கம் நமதாயிற்று. வெற்றிக்குப்பின் மாணாக்கர் ஆசிரியரைத் தேடிச் சென்றனர்.

ஒன்பது திங்கள் கழிந்து, 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், ரஹீம் புற்றுநோயால் உயிர்நீத்தார். பாரத அரசின் பட்டமெதுவும் அவரை வந்தடையவில்லை. பயிற்சியாசிரியர்க்கென அரசு வகுத்த துரோணாச்சாரியர் விருது அவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டு சென்றபின், 1985-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 2024-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படமொன்றால் அவர் பெயர் சிலர்க்குத் தெரியவந்தது.

அவர் பழக்கிய ஆட்டக்காரர் எஞ்சியிருந்தவரை அணி ஓரளவு நின்றது. 1964-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் முதற்சுற்றோடு திரும்பியது. 1970-ஆம் ஆண்டு அதே நகரில் ஒரு வெண்கலம் கிடைத்தது. ரோமுக்குப் பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் இந்தியக் கால்பந்தணி ஆடவில்லை. தந்தை களத்தில் இறக்காத ஹக்கீம் பின்னாளில் சர்வதேச நடுவராய் ஊதுகுழல் ஏந்திப் பல நாடுகளின் ஆட்டங்களை நடத்தி, 2021-ஆம் ஆண்டு காலமானார்.