ஹார்பினுக்குப் போன பினாங்கு டாக்டர்

மலர்க் குழுவில் இருக்கிற சீனியர் அண்ணன் போன் பண்ணினார். இந்த வருஷ மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா, ஆனால் மெஸ் சாம்பார் கதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே ஏழெட்டு வந்து கிடக்குது என்றார். மெஸ் சாம்பாரை விட்டால் எழுத நம்மிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் பினாங்கு ஞாபகம் வந்தது.

படிப்பு முடித்து நாலைந்து வருஷம் கழித்து, மலேசியாவில் பினாங்குத் தீவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, அப்புறம் ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஒரு சுற்று. அப்படிச் சுற்றும்போது ஒரு கடையில் தலையணை சைஸில் ஒரு புத்தகம் வாங்கினேன். பெயர் ‘பிளேக் ஃபைட்டர்’. டாக்டர் வூ லியன் தே 1959-ல் எழுதிய சுயசரிதை. வாங்கியதோடு சரி, ஊருக்கு வந்த பெட்டியிலேயே கிடந்தது. 2020-ல் ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டில் முடங்கினோமே, அப்போதுதான் எடுத்துப் பிரித்தேன். மாஸ்க் கட்டிக்கொண்டு போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவேன். வந்து உட்கார்ந்து, ஒரு ஊரையே மாஸ்க் கட்ட வைத்த மனிதரின் கதையைப் படிப்பேன். சும்மா சொல்லக் கூடாது, பல ராத்திரி தூக்கம் போச்சு.

வூ 1879 மார்ச் 10-ம் தேதி பினாங்கில் பிறந்தவர். அப்பா சீனாவிலிருந்து பிழைக்க வந்த நகைத் தொழிலாளி. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-ல் ராணி ஸ்காலர்ஷிப் வாங்கி, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன மாணவர் அவர்தான். பரிசுகளை அள்ளினார். லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் பயின்றார். நம் செகந்திராபாத்தில் உட்கார்ந்து மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள சம்பந்தத்தை 1897-ல் கண்டுபிடித்தாரே, அதே ராஸ். பிறகு ஜெர்மனியில் ஹாலே, பாரிஸில் பாஸ்டர் நிலையம். இத்தனையும் முடித்து 1903-ல் ஊர் திரும்பினால், பிரிட்டிஷ் ஆட்சியில் உயர்ந்த மருத்துவப் பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று கதவு சாத்தியிருந்தது. சொந்தமாக க்ளினிக் வைத்தார்.

அவரை அபினி எதிர்ப்பு இயக்கம் இழுத்தது. அபினி வியாபாரம் அன்றைக்குக் காலனி அரசாங்கத்துக்கே பெரிய வருமானம். அதை எதிர்த்துக் கூட்டம் போட்டால் விடுவார்களா? அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டு, ஒரு அவுன்ஸ் அபினி டிங்சர் வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். எந்த மருந்துக் கடையிலும் இருக்கக்கூடிய சமாச்சாரம்! அந்த நேரம் பார்த்துச் சீனாவின் யுவான் ஷிகாயிடமிருந்து அழைப்பு வந்தது. 1908-ல் தியான்ஜின் போய், அரசு ராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநரானார். வேடிக்கை என்னவென்றால், சீனாவில் வேலை பார்க்கப் போன இந்தச் சீனருக்கு வடசீனத்து மாண்டரின் மொழி சரியாகத் தெரியாது. வேலையில் சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தார்.

1910 கடைசியில் மஞ்சூரியாவில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி, அப்புறம் உடம்பு நீலம் பாரித்துப் போகும். ஓரிரு நாளில் முடிந்துவிடும். பிழைத்தவர் என்று சொல்ல ஆளே இல்லை. அந்தப் பக்கம் புல்வெளிகளில் தர்பகான் என்று ஒரு மர்மோட் இனம், பெருத்த அணில் மாதிரி, வளை தோண்டி வாழும். அதன் தோலுக்கு ஐரோப்பாவில் திடீர் கிராக்கி. பரம்பரை வேட்டைக்காரர்களுக்குத் தெரியும், தள்ளாடுகிற தர்பகானைத் தொடக் கூடாதென்று. காசுக்காகப் புதிதாக வந்த கூலிகளுக்கு அது தெரியாது. தள்ளாடுகிற மிருகம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பிடித்தார்கள். ராத்திரி நெரிசலான சத்திரங்களில் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள். வியாதியும் டிக்கெட் இல்லாமல் கூடவே ஏறியது.

சீன அரசில் அப்போது சுகாதார அமைச்சர் என்று ஒருவர் கிடையாது. வெளியுறவுத் துறை தந்தி கொடுத்து வூவைக் கூப்பிட்டது. அவருக்கு வயது 31. ஒரு மாணவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கையில் மைக்ரோஸ்கோப்போடு டிசம்பர் 24-ம் தேதி ஹார்பின் ஸ்டேஷனில் இறங்கினார். பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி குளிர். அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுக்க, அந்தப் பெரிய நாட்டின் சுகாதாரத் துறை என்றால் நடைமுறையில் அவர்தான்.

மூன்றாம் நாள், டிசம்பர் 27. ஃபூஜியாடியன் என்கிற சீனர் பகுதியில் சத்திரம் நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்துபோனாள். சீனாவில் அன்றைக்குப் பிரேதப் பரிசோதனை செய்வது மகா பாவம், சட்டமும் இடம் தராது. வூ அந்தச் சின்ன அறையிலேயே ரகசியமாக அறுத்து, நுரையீரலிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் மாதிரி எடுத்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பிளேக் கிருமி, சந்தேகமே இல்லை. ஆனால் எலிகளைப் பிடித்துச் சோதித்தால் ஒன்றில்கூடக் கிருமி கிடையாது! எலி இல்லாமல் பிளேக்கா?

இங்கே நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து, அதற்குப் பிறகு அங்கே வருஷக்கணக்கில் நடந்த ஆராய்ச்சிதான் எலி, எலியின் தெள்ளுப்பூச்சி, மனிதன் என்கிற சங்கிலியைச் சந்தேகமறக் காட்டியது. அது சரியான கண்டுபிடிப்பு. சரியானது என்பதாலேயே உலகத்தில் எல்லா டாக்டரும் பிளேக் என்றால் முதலில் எலியைத் தேடினார்கள். வூ மட்டும், இது நுரையீரல் பிளேக், இருமும்போது மூச்சுக் காற்றிலேயே ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்றார். எனவே துணி முகமூடி கட்டுங்கள் என்றார்.

தியான்ஜினிலிருந்து மெஸ்னி என்று ஒரு பிரெஞ்சு டாக்டர் வந்தார். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், வூவைவிட ரொம்ப சீனியர், முன்பே சீனாவில் பிளேக்கை எதிர்த்து வேலை செய்தவர். வூ அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்த் தான் கண்டதை மரியாதையாக விளக்கினார். மெஸ்னிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சீனப் பையன் எனக்குப் பாடம் எடுப்பதா என்கிற ரீதியில் இன இழிவோடு கத்தினார். வூ திரும்பி வந்து, நான் விலகிக் கொள்கிறேன், அவரையே வைத்துக் கொள்ளுங்கள் என்று பெக்கிங்குக்குத் தந்தி அடித்தார். அரசாங்கம் வூவின் பக்கம் நின்றது. மெஸ்னி விடவில்லை. ஜனவரி 5-ம் தேதி ரஷ்யர்களின் பிளேக் ஆஸ்பத்திரிக்குப் போய், முகமூடி இல்லாமல் நோயாளிகளைக் குனிந்து பரிசோதித்தார். ஜனவரி 11-ம் தேதி இறந்து போனார். மறுநாளிலிருந்து ஹார்பினில் எல்லார் முகத்திலும் துணி.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் இருக்கிறது. பினாங்கிலிருந்து வந்த பிறகு வேறொரு கம்பெனியில் இருந்தேன். டிப்ளமா முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், ஒரு பெரிய பம்ப் செட்டில் சத்தம் மாறியிருக்கு சார், வைப்ரேஷன் ரீடிங்கும் ஏறியிருக்கு என்று ரெண்டு தடவை வந்து சொன்னான். ஃபவுண்டேஷன் போல்ட் லூசாக இருக்கும், டைட் பண்ணு போதும் என்றேன். மேனுவல் படி அதுதான் முதல் காரணம். என் எட்டு வருஷ அனுபவமும் அதையே சொன்னது. மூன்றாம் நாள் நைட் ஷிஃப்டில் பேரிங் பிடித்து ஷாஃப்ட் வளைந்தது. யாருக்கும் அடிபடவில்லை, கடவுள் புண்ணியம். ரிப்போர்ட்டில் திடீர்க் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையன் சொன்னதை எழுதவில்லை. ஆறு மாதத்தில் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மெஸ்னியைப் படித்த அன்றைக்கு ராத்திரி அவன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்ல சார் என்றான். அந்த ரிப்போர்ட் இன்னும் அந்த ஃபைலில் அப்படியேதான் இருக்கும்.

சரி, ஹார்பினுக்கு வருவோம். வூவின் முகமூடியைப் பார்த்தால் டிசைன் என்றால் இதுதான் என்று தோன்றும். அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் முன்பே முகத்துணி கட்டியதுண்டு. இவர் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தார். கடையில் கிடைக்கிற ஒன்பது அங்குல அகலக் காஸ் துணி, மூன்றடி நீளம். அதை மடித்து நடுவில் ஒரு பட்டைப் பஞ்சு. இரண்டு நுனியையும் கத்தரியால் கிழித்துவிட்டால் கட்டுவதற்கு வால்கள். தையல் மிஷின் வேண்டாம், விசேஷப் பொருள் வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஒரு நிமிஷத்தில் செய்யலாம்.

ஊரை நாலு வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை; அனுமதி இல்லாமல் அடுத்த வட்டாரத்துக்குப் போக முடியாது. காவலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள். நோயாளிகளோடு பழகியவர்களை எங்கே தனியாக வைப்பது? ரஷ்யர்களிடம் 120 சரக்கு வேகன் கடன் வாங்கி, அடுப்பு வைத்து, அதில் வைத்தார். ரயிலை நிறுத்துவதுதான் பெரிய தலைவலி. ஒரு லைன் ரஷ்யாவுடையது, ஒன்று ஜப்பானுடையது, ஒன்று சீனாவுடையது. யாரும் யாரையும் நம்பாத காலம். மூன்று தரப்பையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்ததுதான், என் கணக்கில், மைக்ரோஸ்கோப் வேலையைவிடப் பெரிசு. அவர் செய்தது எல்லாமே இனிப்பானது என்று சொல்ல மாட்டேன். வீடு வீடாகச் சோதனை போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பயந்து பிணங்களை ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. 2020-ல் நாமும் தகரம் அடித்த தெருக்களைப் பார்த்தவர்கள்தானே.

ஜனவரி கடைசியில் அவர் இடுகாட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களும் சவப்பெட்டிகளும் வெட்டவெளியில் வரிசையாகக் கிடந்தன. மண் பல அடி ஆழத்துக்கு உறைந்து பாறையாகியிருந்தது, குழி வெட்ட முடியாது. எலி வந்து கடித்தால் இன்னொரு சுற்று ஆரம்பிக்கும். எரிக்கத்தான் வேண்டும். ஆனால் முன்னோர் வழிபாடு உயிராக இருக்கும் சீனாவில் பிணத்தை எரிப்பதா? நமக்கு அது சாதாரணம். அவர்களுக்கு அப்படியில்லை. ஊர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வைத்தார். பார்த்த பிறகு யாரும் மறுக்கவில்லை. சக்கரவர்த்தியின் அரசாணை கேட்டு மனுப் போட்டார்கள், அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள். நூறு நூறாக 22 குவியல். தீயணைப்பு வண்டியின் பம்பால் மண்ணெண்ணெய் அடித்துக் கொளுத்தினார்கள். மீதிப் பிணங்களுக்கு டைனமைட் வைத்துக் குழி பறித்தார்கள்.

அன்றிலிருந்து சாவு எண்ணிக்கை இறங்கியது. மார்ச் 1-ம் தேதிக்குப் பிறகு ஹார்பினில் புது நோயாளி இல்லை. ஃபூஜியாடியனில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல், மொத்தம் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். நோய் தடுப்பு வேலையில் இறங்கியவர்களிலேயே ஏறக்குறைய முந்நூறு பேர் போனார்கள். ஏப்ரலில் முக்டென் நகரத்தில், இன்றைய ஷென்யாங்கில், 11 நாட்டு நிபுணர்கள் கூடிய சர்வதேச பிளேக் மாநாடு. பிளேக் கிருமியைத் தேடிக் கண்ட ஜப்பானின் கிட்டசாட்டோ முதலானவர்கள் உட்கார்ந்திருந்த சபைக்குத் தலைவர், 32 வயது வூ.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடமஞ்சூரியாவில் பிளேக் தடுப்புச் சேவையை 1912-ல் தொடங்கினார். 1920-21-ல் அதே பிளேக் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரிகளும் ஆட்களும் தயார், சாவு பத்தாயிரத்துக்குள் நின்றது. 1930-ல் துறைமுகக் குவாரண்டைன் அதிகாரத்தை வெளிநாட்டவர் கையிலிருந்து மீட்டுத் தேசிய அமைப்பாக்கினார். 1935-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அது வெளியே தெரிந்ததே 2007-ல்தான். 1937-ல் ஜப்பான் படையெடுப்பில் எல்லாம் போயிற்று. மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண ஜெனரல் பிராக்டிஷனராகக் க்ளினிக் நடத்தினார். யுத்த காலத்தில் கொரில்லாக்கள் அவரைப் பிடித்து வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்தப் பணம் கொடுத்ததற்காக ஜப்பானியர்கள் விசாரித்தார்கள். முன்பு அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு ஜப்பானிய அதிகாரியால் தப்பினார்.

1960 ஜனவரி 21-ம் தேதி, 80 வயதில், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார். புத்தகம் வெளியாகி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

என்னிடம் இருக்கிற பிரதியை ரீயூனியன் அன்று நம் கல்லூரி நூலகத்தில் கொடுக்கப் போகிறேன். ஓரங்களில் பென்சில் கோடு நிறைய இருக்கும், மெஸ்னி வருகிற பக்கங்களில் கொஞ்சம் அதிகமாகவே. தம்பி தங்கைகள் அதை அழிக்காமல் படித்தால் சரி.